வெயிலில் வேகும் பிலிம் ரோல்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கேட்டிருந்தார். "சார், கோடக் ப்ரோஇமேஜ் 100 பிலிமை ரொம்ப வருஷமா ஆசியா, தென் அமெரிக்கா பக்கம்தான் வித்தாங்களாமே, அவங்க ஊர்ல ஓடாத இரண்டாம் தரச் சரக்கை நம்ம தலையில கட்டினாங்களா?" கேள்வியில் இருந்த கடுப்பு எனக்குப் பிடித்திருந்தது. நியாயமான சந்தேகமும்கூட. கலர் நெகட்டிவ்களில் விலை குறைந்த வரிசையில் வருவது இது. சந்தைக்கு வந்தது 1997இல். தயாராவது அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில். ஆனால் ஐரோப்பியக் கடைகளுக்கு முறையாகப் போய்ச் சேர்ந்தது 2018இல்தான். இதற்குத் தம்பி மாதிரியான கலர்ப்ளஸ் 200 கதையும் கிட்டத்தட்ட அதேதான். அதுவும் ரோச்செஸ்டரில்தான் தயாராகிறது, ஆனால் அமெரிக்கக் கடைகளில் நெடுநாள் முறையாக விற்கவில்லை, வேண்டுமென்றவர்கள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் தரமெல்லாம் கிடையாது. வெயில்தான் காரணம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு ரோலில் ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, இன்னொன்றை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போட்டு மறந்தே போய்விட்டேன். மே மாதம், வேலூர், வண்டி வெட்டவெளியில். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் எடுத்துப் படம் பிடித்து, ஒன்றாகக் கழுவக் கொடுத்தேன். வந்த நெகட்டிவ்களைச் செல்போன் டார்ச் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல்துளை ஓரம், அதாவது வெளிச்சமே படாத இடம், ஒன்றில் இளம் ஆரஞ்சாக இருந்தது. மற்றதில் வெல்லப்பாகு மாதிரி கறுத்துக் கிடந்தது. ஷட்டரைத் தொடாத இடத்தில் யார் படம் எடுத்தது?

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாக ஓட்டிவிடுகிறேன். பிலிம் என்பது ஜெலட்டினில் பதித்த வெள்ளி புரோமைடுப் படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்தை, கழுவும்போது ஊற்றும் டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசல் கறுத்த வெள்ளி உலோகமாக மாற்றும். கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்குத் தனித்தனி அடுக்குகள். வெள்ளி உருவாகும் இடத்தில் கூடவே சாயமும் உருவாகும். பிறகு வெள்ளியைக் கரைத்து எடுத்துவிட்டால் சாயம் மட்டும் நிற்கும். இப்படிக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர், 37.8 டிகிரியில் மூன்றேகால் நிமிடம் டெவலப்பர், மற்றது லேப்காரர் பாடு.

இதில் "வெளிச்சம் பட்ட படிகம்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போனேனே, அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு ஒளித்துகள் படிகத்துக்குள் விழுந்தால் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கழற்றிவிடும். அது உள்ளே அலைந்து திரிந்து, படிகத்தில் ஏதாவது ஒரு கோளாறான மூலையில் சிக்கும். அந்தப் பக்கம் நகர்ந்து வரும் வெள்ளி அயனி ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளி அணுவாகிவிடும். ஒரு அணு என்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி; கூட்டாளி சீக்கிரம் வராவிட்டால் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அணு கரைந்து மறுபடி அயனியாகிவிடும். இரண்டாவது ஒளித்துகள் நேரத்துக்கு வந்து இரண்டு அணுவானால் இடம் நிலைக்கும். நான்கு அணு சேர்ந்துவிட்டால் போதும், டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் படிகத்தையும் வெள்ளியாக்கிவிடும். ஒரு படிகத்தில் நூறு கோடி அளவில் வெள்ளி அயனிகள் உண்டு. நான்கு பேர் கையெழுத்துப் போட்டதும் நூறு கோடி பேர் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். நட்சத்திரங்களைப் பிலிமில் எடுப்பவர்கள் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் பதிவு இரட்டிப்பாகவில்லையே என்று புலம்புவதும் இந்தத் துண்டு விவகாரத்தால்தான்: மங்கல் ஒளியில் இரண்டாவது ஆள் வருவதற்குள் முதல் துண்டு போய்விடுகிறது.

சரி, அந்தக் கோளாறான மூலை எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நூறு வருஷம் முன்பு ஜெலட்டின் ஒரு புதிராக இருந்தது. மாட்டுத்தோலிலிருந்து காய்ச்சி எடுப்பது அது. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் சூட்டிகையாக இருக்கும், அடுத்த தொகுதி மந்தமாக இருக்கும், யாருக்கும் காரணம் தெரியாது. கோடக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் வருஷக்கணக்கில் இதைத் துருவி, 1925இல் விடையைச் சொன்னார்: கந்தகம். அதுவும் கடுகின் காரத்தில் இருக்கும் அதே குடும்பத்துக் கந்தகச் சேர்மம். மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து அது தோலுக்கு வந்து, ஜெலட்டினுக்கு வந்து, பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடுப் பொட்டுகளை வைத்துவிடுகிறது. அந்தப் பொட்டுகள்தான் எலக்ட்ரான் சிக்கும் மூலைகள். தாளிப்பில் வெடிக்கும் கடுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். (மாட்டுத் தீனியை ஆராய ஒருவருக்கு வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்த கம்பெனியும் இருந்திருக்கிறது. "இதனால் என்ன பயன், ஆறு மாதத்தில் காட்டு" என்று கேட்கும் நம் ஊர் நிதிக் குழு முன்னால் ஷெப்பர்ட் நின்றிருந்தால் முதல் சுற்றிலேயே வெளியே போயிருப்பார்.)

அதற்குப் பிறகு தொழிற்சாலைகளில் கந்தகத்தை அளந்தே சேர்த்தார்கள். சேர்த்தபின் 50, 60 டிகிரி சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள், பொட்டுகள் சரியான அளவுக்கு வளர்ந்ததும் ஆற்றி நிறுத்துவார்கள். விட்டால் பொட்டுகள் பெரிதாகிக்கொண்டே போய், வெளிச்சமே இல்லாமல் டெவலப்பரைக் கூப்பிட ஆரம்பித்துவிடும். சர்க்கரைப் பாகு மாதிரிதான், கம்பிப் பதத்தில் இறக்காவிட்டால் கருகிவிடும். இப்போது என் ஸ்கூட்டர் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், மே மாதத்து மதியம். தொழிற்சாலையில் ஆற்றி நிறுத்திய அடுப்பை நான் மறுபடி பற்றவைத்திருக்கிறேன். வேதிவினைகள் 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் எடுக்கும் என்ற தோராயக் கணக்கைப் போட்டால், 25 டிகிரியில் இருந்ததைவிட 55 டிகிரியில் எட்டு மடங்கு வேகமாக ரோல் கிழடாகிறது.

கறுப்பு வெள்ளை பிலிமாக இருந்தால் லேசான மூட்டத்தோடு போய்விடும். கலரில் மூன்று அடுக்கும் மூன்று வேகத்தில் கெடுகின்றன, வினை அங்கே. வெளிச்சமான இடம் ஒரு நிறத்துக்குச் சாயும், நிழல் வேறு நிறத்துக்குச் சாயும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கோணும். "காலாவதி பிலிம்ல ஒரு மாயம் இருக்கு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு காசு கூடுதலாகக் கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது கருகின பாகுதான்.

போகிற போக்கில், நல்ல நெகட்டிவும் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) சாயங்கள் சுத்தமில்லாதவை, தடுக்கக் கூடாத ஒளியையும் கொஞ்சம் தடுக்கும், அது ஒரு கறை மாதிரி. அதனால் சாயமாக மாறும் மூலப்பொருளுக்கே அந்தக் கறையின் நிறத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சாயம் உருவான இடத்தில் மூலப்பொருள் தீர்ந்து சாயத்தின் கறை வரும், உருவாகாத இடத்தில் மூலப்பொருளின் நிறம் அப்படியே நிற்கும். ஆகமொத்தம் கறை எங்கும் ஒரே அளவு, பிரிண்ட் போடும்போது மொத்தமாகக் கழித்துவிடலாம். கோடக்கின் வெஸ்லி ஹான்சன் 1940களில் கண்டுபிடித்த வித்தை. தனிக் கட்டுரைக்கான விஷயம், இன்னொரு நாள்.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். சாதாரண பிலிம், கடை அலமாரியில் சில மாதம் பழுக்கும் என்று தெரிந்தே கொஞ்சம் காயாகத் தயாரிக்கப்படும். தொழில்முறை பிலிமைப் பழுத்த பதத்தில் அனுப்புவார்கள், 13 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். கல்யாணம் எடுக்கும் ஸ்டூடியோக்காரருக்குத் தொழில்முறைத் தரமும் வேண்டும், அவர் கடையில் பிலிமுக்கென்று ஃபிரிட்ஜும் இருக்காது. அந்த ஆளுக்காகச் செய்ததுதான் ப்ரோஇமேஜ்: வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் விற்பனை வாசகம். பொட்டுகள் வளராமல் பிடித்துவைக்கப் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் சேர்மங்கள் உண்டு, 1930களில் ஜெர்மனியின் அக்ஃபா கம்பெனியில் கண்டுபிடித்தவை. அவை இல்லாத பிலிம் இன்று அநேகமாக இல்லை. ஆக நம் பக்கம் வந்தது கழிவு அல்ல, நம் வெயிலுக்கென்று தைத்த சட்டை.

இதை எழுதும்போது ஊட்டி நினைவுக்கு வராமல் இல்லை. 1960இல் மத்திய அரசின் பிலிம் கம்பெனியான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், குளிரும் தூசியில்லாத காற்றும் இந்தத் தொழிலுக்குத் தோது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வந்தன. 1990களில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு மூடியும் விட்டார்கள். கட்டடம், கடன் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. நம் வெயிலில் கெடாத கலர் பிலிமை நாமே யோசிக்கும் ஆய்வகத்துக்கு வரவில்லை என்பது என் ஆற்றாமை.

மாணவர் திரும்ப எழுதினார், கலர்ப்ளஸ் இரண்டு ரோல் கையில் இருக்கிறதாம், ஃபிரிட்ஜில் வைத்தால் அம்மா திட்டுகிறாராம். டப்பாவைப் பிரிக்காமல், ஒரு ஜிப் கவரில் போட்டு, மாவுப் பாத்திரத்துக்கு மேல் தட்டில் ஓரமாக வை, வெளியே எடுத்தால் ஒரு மணி நேரமாவது கழித்துப் பிரி, இல்லாவிட்டால் வேர்த்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். படம் எடுத்து முடித்த ரோலைச் சீக்கிரம் கழுவக் கொடு என்றும் சொன்னேன். சூட்டிலும் ஈரத்திலும் அந்த நான்கு அணுவில் ஒன்று கழன்றால் எடுத்த படமே மங்கும். அம்மாவிடம் கடுகுக் கதையைச் சொல்லிப் பார்த்தாராம். மேல் தட்டு கிடைத்துவிட்டது.