பால் காய்ச்சினால் வீடு முடிந்துவிடுமா?

"வேலை முடிஞ்சுது" என்று பாஸ், அதாவது வீடு கட்டும் மேசன், சொன்னால், எது முடிந்தது என்று கேளுங்கள். திருகோணமலையில் வீட்டு வேலைகளின் பில் பார்த்துக் கொடுப்பவன் நான். மீதிக் காசுச் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. வீட்டுக்காரருக்குப் பால் காய்ச்சும் நாள்தான் முடிவு. ஐயர் குறித்த நாளுக்காக அவசரப்பட்டு முழுக் காசையும் கொடுத்துவிடுவார். அதன்பிறகு பாஸை போனில் பிடிப்பதே பெரும்பாடு.

ஆங்கில ஒப்பந்தங்களில் முடிவு என்பது ஒரே நாளில் வருவதில்லை. சிறு குறைகள் இருந்தாலும் குடியிருக்கலாம் என்ற நிலை 'பிராக்டிகல் கம்ப்ளீஷன்'. அதன்பின் 'டிஃபெக்ட்ஸ் லயபிலிட்டி' காலம், வழக்கமாக ஒரு வருடம். அதற்குள் தெரியவரும் பிழைகளைக் கட்டியவர் தன் செலவில் திருத்த வேண்டும். அதற்குப் பிணையாகத்தான் 'ரிட்டென்ஷன்' என்று ஒரு பகுதிக் காசை, பெரும்பாலும் 5 வீதத்தை, பிடித்து வைப்பார்கள். அதில் பாதியை வீட்டைக் கையேற்கும்போதும் மிச்சத்தைக் காலம் முடிந்த பிறகும் கொடுப்பது வழக்கம்.

போர்த்துக்கேயர் இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். போர்த்துக்கலின் அரச கட்டட வேலைகளில் கையேற்பது இரண்டு தரம்: முதலில் 'ரெசெசாவ் ப்ரொவிஸோரியா', அதாவது தற்காலிகமாக, உத்தரவாதக் காலம் கழிந்தபின் 'டெஃபினித்திவா', நிரந்தரமாக. அந்த உத்தரவாதம் தூண், பீம் போன்ற கட்டமைப்புக்கு 10 வருடம், மற்றக் கட்டட வேலைகளுக்கு 5, பிரித்தெடுக்கக்கூடிய உபகரணங்களுக்கு 2. யன்னலையும் அலுமாரியையும் கதிரையையும் அவர்களிடமிருந்து எடுத்த நாம் இந்தப் பழக்கத்தையும் எடுத்திருக்கலாம்!

எங்கள் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். ஆடி, ஆவணியில் முடிந்த வீடு ஒரு பெருமழையைக் கண்டிருக்காது. கூரை ஒழுகுமா, பிளாட் எனும் தட்டைக் கொங்கிரீட் கூரையில் தண்ணீர் தேங்குமா என்பதெல்லாம் கார்த்திகை, மார்கழி மாரியில்தான் தெரியும். ஆகவே சின்ன வீடென்றாலும், ஒரு மாரி கழியும்வரை கொஞ்சக் காசு நிற்கும் என்று வேலை தொடங்க முதலே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தபின் கேட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

இன்னொரு முடிவு உள்ளூராட்சி மன்றத்தில் இருக்கிறது: சி.ஓ.சி. எனும் இணக்கச் சான்றிதழ். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் செல்லும் பகுதிகளில் அது இல்லாமல் கட்டடத்தைப் பாவிக்கக் கூடாது. அனுமதி எடுத்த பிளான் ஒன்று, கட்டியது வேறொன்று என்றால் இங்கே இழுபடும். படிக்கட்டை வேலிப்பக்கம் தள்ளிக் கட்டியவர்களைத் தான் அதிகம் காண்கிறேன்.

அப்புறம், குழாயும் வயரும் உண்மையில் போன வழியைக் காட்டும் 'ஆஸ் பில்ட்' படத்தையும் கேளுங்கள். பாஸ் கீறித் தரமாட்டார் என்றால், பூச்சுப் பூச முதல் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.