28 நாளில் மூட வேண்டிய குழாய்

மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். சோதித்துப் பார்க்கலாமா என்று சிலர் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். அதற்குள் கருவில் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அடித்தளம் போடப்பட்டு முடிந்திருக்கும். அப்போது கருவின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான்.

கருவுற்ற மூன்றாம் வாரத்தில் முதுகுப் பக்கத்துச் செல்கள் தடித்து ஒரு தட்டாகின்றன. அதிலுள்ள சில செல்கள், சுருக்குப்பையின் வாயை இழுத்ததுபோல, மேல்முனையில் மட்டும் குறுகுகின்றன. அதனால் தட்டு நடுவில் குழிகிறது. இரு ஓரங்களும் எழுந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுதல் கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழும் பரவுகிறது. தலைப்பக்கத் திறப்பு ஏறக்குறைய 25-ஆம் நாளில் மூடும். வால்பக்கம் அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. இதுவே நரம்புக் குழாய்.

தலைப்பக்கம் மூடாவிட்டால் மண்டையோட்டின் மேல்பகுதி உருவாகாது. பனிக்குட நீரில் நனைந்தபடி கிடக்கும் மூளைத் திசு மெல்லச் சிதைந்துவிடும், அக்குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்து நிற்கும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். ஆனால் பலருக்குக் கால்களின் இயக்கமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாதிக்கப்படுகின்றன.

செல்கள் விரைந்து பெருகும் நாட்கள் இவை. புது டி.என்.ஏ. செய்ய ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும். மாத்திரையில் இருப்பது அதன் செயற்கை வடிவமான ஃபோலிக் அமிலம். முன்பு இக்குறைபாடுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 1991-இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பே தொடங்கி நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம், அது மீண்டும் வரும் ஆபத்து 72 சதவீதம் குறைந்திருந்தது. மற்றப் பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் போதும் என்பது பொதுவான பரிந்துரை. கர்ப்பம் உறுதியான பிறகு எழுதித் தரப்படும் மாத்திரை, நரம்புக் குழாயைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பிந்தி வந்த விருந்தாளி. மாத்திரை எடுத்தும் குழாய் மூடாமல் போவதுண்டு. மரபணுக்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. தாய் என்ன தவறு செய்தாள் என்று துருவுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பதையும் நாள்தான் தீர்மானிக்கிறது. முதல் இரு வாரங்களில் பெரிய சேதம் நேர்ந்தால் கரு பெரும்பாலும் அழிந்துவிடும், அல்லது இழந்த செல்களை ஈடுகட்டித் தப்பிவிடும். மூன்றாம் வாரம் முதல் அப்படியில்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்து தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் தரப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பல ஆயிரம் குழந்தைகளைச் சிதைத்துவிட்டது. ஆபத்தான காலம் கருவுற்ற 20 முதல் 36 நாள் வரை. தொடக்கத்தில் விழுங்கியிருந்தால் காதுகள், சற்றுப் பிந்தினால் கைகள், இன்னும் பிந்தினால் கால்கள். 36-ஆம் நாளுக்குப் பிறகே அதை முதன்முதலில் விழுங்கியவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் முழுமையான கைகால்களுடன் பிறந்தார்கள்.