கடுவனுக்குப் பாதி மாத்திரை

“மூன்று வயதுக் கடுவன் பூனை, நாலு கிலோ இருக்கும். இரண்டு நாளாக மணல் தட்டில் போய்ப் போய் உட்காருகிறது. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, ரத்தமும் தெரிகிறது. எனக்குப் போன மாதம் எழுதிக்கொடுத்த அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625 மாத்திரை மிச்சம் இருக்கிறது. பாதி உடைத்துக் கொடுக்கலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கூடாது. வெறும் கணக்கே உதைக்கிறது. பூனைக்கு இந்த ஆன்டிபயாட்டிக் ஒரு கிலோ எடைக்கு 12.5 முதல் 25 மி.கி. வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாலு கிலோ பூனை என்றால் வேளைக்கு 50 முதல் 100 மி.கி. பாதி மாத்திரையில் இருப்பது 312 மி.கி. சரி, பன்னிரண்டு துண்டாக உடைக்கிறேன் என்றால் அதுவும் ஆகாது. கிளாவுலனேட் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும் சரக்கு. அலுமினியப் பட்டையில் அடைத்து விற்பதே அதற்காகத்தான். இன்று உடைத்து டப்பாவில் போட்ட துண்டில் நாளை எவ்வளவு மருந்து மிஞ்சும் என்று யாரும் சொல்ல முடியாது. கால்நடை மருந்தாக 50 மி.கி. மாத்திரை தனியாகவே வருகிறது.

அதைவிட அவசரமான ஒன்று. சொட்டாவது வருகிறதா, அதுவும் நின்றுவிட்டதா? கடுவனின் மூத்திரக் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. சளியும் படிகமும் சேர்ந்த ஒரு சிறு அடைப்பு போதும், சிறுநீர்ப்பை எலுமிச்சை அளவுக்குக் கல்லாக இறுகிவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பு தாளம் தப்பும், ஓரிரு நாளில் பூனை செத்துப்போகும். அடைப்பை எந்த ஆன்டிபயாட்டிக்கும் திறக்காது. மயக்கம் கொடுத்து, கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். வயிற்றைத் தொட்டால் கத்துகிற, வாந்தி எடுக்கிற, மூத்திரமே வராத கடுவனை விடியும்வரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு. அந்த மருந்தைக் கழிக்கும் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனையின் ஈரலில் இல்லை. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

மூத்திரம் போகிறது, ஆனால் ரத்தமும் முக்கலும் இருக்கிறது என்றால்? நாய்க்கோ மனிதருக்கோ இப்படி வந்தால் கிருமித் தொற்று என்று முதலில் நினைப்பது நியாயம். இளம் பூனைக்கு அந்த நியாயம் செல்லாது. பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பூனைகளில் இந்த அறிகுறிகளுக்குப் பாதிக்கு மேல் காரணம், கிருமியே இல்லாத, பதற்றத்தோடு தொடர்புள்ள சிறுநீர்ப்பை அழற்சி. அதற்கு அடுத்தபடியாகக் கல்லும் அடைப்பும். பாக்டீரியா நூற்றில் சிலவற்றில்தான்.

காரணம் பூனையின் மூத்திரம். பூனை பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்தது. குடிக்கும் தண்ணீர் கொஞ்சம், அதையும் சிறுநீரகம் பிழிந்து பிழிந்து உடம்புக்கே திருப்பித் தந்துவிடும். மூத்திரத்தின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) சாதாரணமாகவே 1.035-க்கு மேல் இருக்கும், 1.060-ஐத் தாண்டுவதும் உண்டு. அத்தனை யூரியாவும் உப்பும் கரைந்த நீரில் பாக்டீரியா பெருகுவது கடினம். வயதாகிச் சிறுநீரகம் பழுதுபட்டாலோ, சர்க்கரை நோயோ தைராய்டு மிகைப்போ வந்தாலோ இந்த அரண் விழும். அப்போதுதான் பூனைக்கு உண்மையான தொற்று சகஜமாகிறது.

கிருமியில்லாத அழற்சிக்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலான பூனைகளில் அது ஐந்து முதல் ஏழு நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் கால அளவும் ஏறக்குறைய அதுதான்! மாத்திரை கொடுத்தேன், ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மஞ்சள் காமாலைக்கு மந்திரித்துக் குணமானவரும் பொய் சொல்லவில்லை. ஹெப்படைட்டிஸ்-ஏ தானாகப் போகும் நோய், புகழ் மந்திரவாதிக்குப் போய்விடுகிறது. நம்மில் படித்தவர்கள் வேப்பிலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே தர்க்கத்தைப் பட்டையில் அடைத்து மருந்துக் கடையில் வாங்குகிறோம். இந்தப் பூனைகளுக்கு வேண்டியது மருத்துவர் தரும் வலி நிவாரணி, ஈரமான உணவு, ஒளிந்துகொள்ள ஓர் இடம், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகள்.

தொற்றுதான் என்று எப்படி உறுதிசெய்வது? தட்டில் தேங்கியதை எடுத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை. அதில் வளர்வது தோலிலும் மணலிலும் இருந்த கிருமி. ஸ்கேன் பார்த்தபடி 22 அல்லது 23 கேஜ் ஊசியை வயிற்றின் வழியே நேராகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி எடுப்பதே முறை. கேட்கப் பயங்கரமாக இருக்கும். பழகிய கையில் பெரும்பாலான பூனைகள் அசைவதுகூட இல்லை. ஊசியை வெளியே எடுக்கும் முன் சிரிஞ்சில் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் வழியில் இருக்கும் ரத்தமும் சேர்ந்து வரும். எடுத்ததை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் கிடந்த மாதிரி எந்தப் பூனையையும் தொற்றுக்காரப் பூனையாக்கிவிடும். ஊசியில் எடுத்த மாதிரியில் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கிருமிக்கு மேல் வளர்ந்தால் பொருட்படுத்தலாம். மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கும், மனிதருக்கான பட்டைச் சோதனையில் வெள்ளையணுக் கட்டம் நிறம் மாறியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூனை மூத்திரத்தில் அந்தக் கட்டம் காரணமில்லாமலே நிறம் மாறும். நுண்ணோக்கியிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பூனை மூத்திரத்தில் மிதக்கும் கொழுப்புத் துளிகளை உருண்டைப் பாக்டீரியா என்று எண்ணுவது எளிது.

கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்தது, பூனைக்கும் அறிகுறி இருக்கிறது. (அறிகுறியே இல்லாத பூனையில் கிருமி தெரிந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.) இப்போது எந்த ஆன்டிபயாட்டிக்? துணை விலங்குகளின் தொற்றுநோய்க்கான சர்வதேசச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் இடம் பென்சிலின் குடும்பத்து அமாக்ஸிசிலினுக்கு. கிலோவுக்கு 11 முதல் 15 மி.கி., எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று முதல் ஐந்து நாள். இவ்வளவு பழைய, மலிவான மருந்தா? பழைய மருந்துதான். அது ஏன் சிறுநீர்ப்பைக்கு இத்தனை பொருத்தம் என்பதில் ஓர் அழகு இருக்கிறது.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பென்சிலின் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ் வைத்திருந்தவர் சில நாளில் தேறத் தொடங்கினார். உலகத்தில் அன்று இருந்த பென்சிலினே கொஞ்சம். செலுத்தியதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மூத்திரத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. மூத்திரத்தைச் சேகரித்துச் சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அப்படியும் போதவில்லை, மார்ச் 15 அன்று அவர் இறந்துபோனார். ரத்தத்தில் தங்காமல் ஓடுவதுதான் பென்சிலினின் பெரிய குறை என்றிருந்த காலம் அது.

சிறுநீர்ப்பைக்கு வரும்போது அந்தக் குறையே வரம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிறது என்று பள்ளியில் படித்தோம். வடிகட்டுவது பாதி வேலைதான். வடிகட்டியதைக் கொண்டுபோகும் நுண்குழலின் சுவர்ச் செல்களில் பம்பு போன்ற புரதங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் மிச்சமிருக்கும் பென்சிலின் வகை மூலக்கூறுகளைப் பிடித்து, ஆற்றல் செலவழித்து, குழலுக்குள் தள்ளுவது இவற்றின் வேலை. வடிந்தது ஒரு பங்கு, தள்ளியது ஒரு பங்கு. அதன்பின் குழல் நெடுகத் தண்ணீரை உடம்பு திரும்ப உறிஞ்சுகிறது, நூற்றில் 99 பங்கு வரை. மருந்தோ பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. பால் சுண்டச் சுண்டச் சர்க்கரை ஏறுவதுபோல மருந்தின் செறிவு ஏறுகிறது. மனிதரில் விழுங்கிய அமாக்ஸிசிலினில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மாறாமல் மூத்திரத்துக்கு வந்துவிடும். ரத்தத்தில் எட்டும் செறிவைவிட மூத்திரத்தில் பல மடங்கு. தண்ணீரை இத்தனை பிழியும் பூனைச் சிறுநீரகத்துக்கு இதைவிடத் தோதான மருந்து எது?

அதனால்தான் ஆய்வக அறிக்கையில் ரத்தச் செறிவை அளவுகோலாக வைத்து எழுதும் ‘எதிர்ப்பு’ சிறுநீர்ப்பைத் தொற்றில் சில சமயம் பொய்த்துப்போகிறது. இதைத் தலைகீழாகவும் பிடித்துக்கொள்ளக் கூடாது. கிருமி சிறுநீரகத்துக்கே ஏறி, காய்ச்சலும் இடுப்பு வலியும் வந்துவிட்டால், மூத்திரச் செறிவை நம்பிப் பயனில்லை, திசுவுக்குள் மருந்து போயாக வேண்டும். சிறுநீரகம் பழுதான கிழப் பூனை தண்ணீர் போல மூத்திரம் போவதால், மருந்தும் அங்கே நீர்த்துத்தான் கிடைக்கும்.

அறிக்கை படிப்பதில் இன்னொரு தவறு மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. கல்ச்சர் தட்டில் மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். வட்டம் பெரிதாக இருக்கும் மருந்தே நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருந்தும் ஜெல்லுக்குள் பரவும் வேகம் வேறு. 17 மி.மீ. ஒன்றுக்கு வெற்றி, 20 மி.மீ. இன்னொன்றுக்குத் தோல்வியாகவும் இருக்கலாம். அந்தந்த மருந்தின் எல்லைக்கோட்டோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். கிருமியின் பெயரையும் பார்க்க வேண்டும். பூனையில் ஈ.கோலைக்கு அடுத்தபடியாக அடிக்கடி வருகிற என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா, செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பிறவியிலேயே அசையாது. கிருமி ஃபோலேட் என்ற வைட்டமினைத் தயாரிப்பதைத் தடுக்கும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாவுக்கு ஆய்வகத் தட்டில் மடிவதுபோலத் தெரிந்தாலும், உடம்பில் கிடைக்கும் ஃபோலேட்டை வெளியிலிருந்தே எடுத்துத் தப்பித்துவிடும்.

ஒரு பம்பு இருப்பதால் கிடைத்த லாபத்தைப் பார்த்தோம். ஒரு பம்பு பழுதாக இருப்பதால் வந்த நஷ்டம் என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கினுடையது. இந்த மருந்தின் அளவை 1990-களின் பிற்பகுதியில் உயர்த்தியபோது, சில பூனைகளின் கண்மணி விரிந்தபடியே நின்றது, சுவரில் முட்டிக்கொள்ளத் தொடங்கின. விழித்திரை அழிந்து பார்வை போன 17 பூனைகளை விவரித்து 2001-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நாய்களுக்கு நேராதது பூனைக்கு மட்டும் ஏன்? விடை பத்தாண்டு கழித்துக் கிடைத்தது. விழித்திரையின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஏபிசிஜி2 என்ற பம்பு இருக்கிறது. உள்ளே நுழையும் அந்நியச் சரக்கை ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் வாயிற்காவலர். பூனை இனத்தில் அதன் நான்கு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன, காவலருக்குக் கை ஓங்கவில்லை. உள்ளே தேங்கும் மருந்து ஒளி பட்டால் வினைபுரியும் ரகம். கண்ணுக்கோ ஒளி வராமல் இருக்கப்போவதில்லை. வெளிச்சம் விழவிழ ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெறிபிடித்துச் செல்களை அரிக்கும். பூனைக்கு என்ரோஃப்ளாக்ஸசின் நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது; கிட்னி பழுதான பூனைக்கு அந்த அளவே ஆபத்தாகலாம். இந்த வகை தேவைப்பட்டால் மார்போஃப்ளாக்ஸசினோ, பூனைக்கென்றே சோதித்த பிரடோஃப்ளாக்ஸசினோ மேல். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்ஸசின் பூனையின் குடலில் மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சப்படுகிறது.

பூனைக்கான மருந்தளவுகளில் பலவும் நாயிலிருந்து கடன் வாங்கியவை. இப்படி ஒரு பம்பைத் தேடிப் பார்க்கப் பணம் கேட்டால், பால் தருமா முட்டை இடுமா என்று கேட்கிற நிதிக்குழுக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பூனை படுப்பது நம் தலையணையில். அதன் குடலில் மருந்துக்கு அடங்காமல் வளரும் ஈ.கோலை நம் வீட்டுக்குள்தான் வளர்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் இது மனித மருத்துவச் செலவுதான் என்பது என் வாதம்.

மாத்திரை விழுங்காத பூனைக்கு ஒரே ஊசி என்று செஃபோவெசின் என்ற செஃபலோஸ்போரினைக் கேட்டு வாங்குவோர் அதிகம். கிலோவுக்கு 8 மி.கி., தோலுக்கடியில். ரத்தப் புரதத்தோடு 99 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொள்வதால் பாதி வெளியேறவே ஒரு வாரம் ஆகும். வசதிதான். ஒவ்வாமை வந்தால் திரும்ப எடுக்க முடியாது, என்டரோகாக்கஸைத் தொடாது, மூன்று நாள் போதுமான இடத்தில் இரண்டு வாரம் குடல் பாக்டீரியாக்களுக்குப் பயிற்சி கொடுக்கும். எந்த வழியிலும் மாத்திரை இறங்காத பூனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை கொடுப்பதானால், நாக்கில் படாமல் பின்புறம் வைத்து, உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெல்ல விடுங்கள். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் நிமிடக்கணக்கில் ஒட்டி நிற்கும். டாக்ஸிசைக்ளினாக இருந்தால் அந்த இடம் வெந்து சுருங்கிவிடும். கசப்பு நாக்கில் பட்டு வாயில் நுரை தள்ளினால் பயப்பட வேண்டாம், அது விஷமல்ல, கசப்புக்குப் பூனை காட்டும் எதிர்ப்பு. 48 மணி நேரத்தில் முக்கல் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்தையும் மாற்றாதீர்கள். மருத்துவரிடம் போய்க் கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.