54 என்பது உங்கள் அளவு அல்ல

இந்த வாரமும் ஒருவர் வந்தார். புத்தம்புதுக் கார்பன் கிராவல் ஃபிரேம் (மண், சரளைப் பாதைகளில் ஓட்டும் சைக்கிளின் சட்டகம்), பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டினாலே சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, கழுத்து பிடித்துக்கொள்கிறது என்றார். அளவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். “என் ரோடு பைக் 54. அதனால் இதிலும் 54.”

சைக்கிள் ஃபிட்டிங், அதாவது சைக்கிளை ஓட்டுபவரின் உடம்புக்குப் பொருத்தும் வேலை, செய்கிற எங்களுக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விரல் ஏன் மரத்துப்போகிறது என்று நான் விளக்கப் போவதில்லை. உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கினால் அப்படித்தான் ஆகும். பேச வேண்டியது அந்த 54 பற்றி.

மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்த காலத்தில் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் இருந்தது. சீட் டியூபின், அதாவது இருக்கையைத் தாங்கும் குழாயின் நீளம், சென்டிமீட்டரில். இப்போது மேல் குழாய் சரிந்து இறங்குகிறது. ‘54’ என்று எழுதியிருக்கும் ஃபிரேமில் டேப் வைத்து அளந்தால் 54 செ.மீ. வரும் குழாய் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 56-க்குச் சமமாக இருக்கும். இதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ‘எம்’ என்று போட்ட சட்டையையே போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஸ்டாக், ரீச். பாட்டம் பிராக்கெட்டின் (பெடல்களின் அச்சு சுழலும் இடம்) மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே மையத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எல்லா நல்ல தயாரிப்பாளர்களும் ஜியாமெட்ரி அட்டவணையில் இவற்றைக் கொடுக்கிறார்கள்.

“நான் மேல் குழாய் நீளத்தைப் பார்த்தேனே” என்பவர்களுக்கு: சீட் டியூபின் கோணம் மாறினால் அந்த நீளமும் மாறிவிடும். ஸ்டாக் 560 மி.மீ., ரீச் ஒன்றுதான், கோணம் மட்டும் 73 டிகிரியிலிருந்து 74 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் குழாய் அட்டவணையில் சுமார் 10 மி.மீ. குறைந்துவிடும். ஆனால் ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். நின்று ஓட்டும்போது உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

சரி, ரீச்சை மட்டும் ஒப்பிட்டால் போதுமா? அதுவும் போதாது. ஹெட் டியூப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 10 மி.மீ. ஸ்பேசர் (ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் வைக்கும் வளையம்) போட்டு ஏற்றினால் ஹேண்டில்பார் சுமார் 3 மி.மீ. பின்னால் வரும். இரண்டு ஃபிரேம்களுக்கும் ரீச் 390, ஒன்றின் ஸ்டாக் 550, மற்றதன் ஸ்டாக் 580 என்றால், குட்டையானதை ஸ்பேசரால் அதே உயரத்துக்கு ஏற்றும்போது ரீச் 381-க்கு இறங்கிவிடும். ஒரே ரீச் என்று நினைத்தவர் 9 மி.மீ. இழந்திருப்பார். முதலில் ஸ்டாக், அதற்குப் பிறகுதான் ரீச்.

இதில் கிராவலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இந்த ஃபிரேம்களில் பல, நீளமான ரீச்சும் குட்டையான ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இணைப்புத் துண்டு) சேர்ந்து இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டவை. ரோடு பைக்கில் 110 மி.மீ. ஸ்டெம் போட்டவர் இங்கே 80 போட வேண்டியிருக்கலாம். பழைய ஸ்டெம்மைக் கழற்றி இதில் மாட்டினால் உடம்பு நீண்டு படுத்துக்கொள்ளும். வந்தவர் செய்திருந்தது அதைத்தான். அதோடு அது ‘ரேஸ்’ ஃபிரேம், ஸ்டாக் குறைவு. நாள் முழுக்க நிதானமாக ஓட்டுபவருக்கு அது எதற்கு? பந்தயத்தில் குனிந்தபடி நான்கைந்து மணி நேரம் தாக்குப்பிடிப்பவருக்கானது அது. கழுத்தும் இடுப்பும் அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

“சின்ன சைஸ் எடுத்து சீட்டையும் ஹேண்டிலையும் ஏற்றிக்கொள்கிறேன்” என்று வராதீர்கள். சீட் போஸ்ட்டில் ஒரு எல்லைக்கோடு போட்டிருப்பது அழகுக்கு அல்ல. கார்பன் ஸ்டியரர் குழாயில் (முன் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூப் வழியாக மேலே வரும் குழாய்) எவ்வளவு ஸ்பேசர் போடலாம் என்பதற்கும் தயாரிப்பாளரின் கையேட்டில் வரம்பு உண்டு. வேலை முடிந்து பார்த்தால் ஸ்பேசர்கள் கோபுரமாக அடுக்கியிருக்கும், ஸ்டெம் வானத்தைப் பார்க்கும். அதைக் கட்டிக் கொடுக்க எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு நூல்குண்டும் டேப்பும் இருந்தால் போதும். இப்போது வலியில்லாமல் ஓட்டுகிற சைக்கிளைச் சமதரையில் நிறுத்துங்கள். பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து ஹேண்டில்பாரின் நடுப்பகுதி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குப் புது ஃபிரேம் நியாயமான ஸ்டெம்முடனும் கொஞ்சம் ஸ்பேசருடனும் வந்து சேருகிறதா என்று பாருங்கள். சேரவில்லையா, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, டயர் இடைவெளி, அதாவது டயருக்கு ஃபிரேமில் இருக்கும் இடம். ‘45 மி.மீ. வரை’ என்று போட்டிருந்தால் 45 டயரையே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். உள் அகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் ஏற்றினால் அதே டயர் பக்கத்தில் எழுதியிருப்பதைவிட அகலமாக உட்காரக்கூடும். காற்றடித்து, ஒரு நாள் விட்டு, வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. காலியிடம் இருப்பது நல்லது. சேற்றில் ஓட்டுவதானால் இன்னும் அதிகம். 2023-இல் கான்சாஸின் எம்போரியாவில் நடந்த அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தில் தொடக்கத்திலேயே சேற்றுப் பாதை வந்தது. பலர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) ஒடிந்து நின்றவர்களும் உண்டு.

இடம் இல்லாத ஃபிரேமின் செயின்ஸ்டே (பின்சக்கரத்தின் இரு பக்கமும் போகும் கீழ்க் குழாய்) உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? டயர் இழுத்து வந்த மணல் முதலில் பெயிண்டை மங்கவைக்கும். பிறகு தெளிவான ரெசின் பூச்சு போகும். கடைசியில் கறுப்பு இழைகள் தெரியும், விரலால் தடவினால் பஞ்சு போலச் சொரசொரக்கும். அந்த நிலையில் என்னிடம் கொண்டுவந்தால், ஓட்டாதீர்கள், கார்பன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஃபிரேம் வாங்கிய நாளிலேயே அந்த இடத்தில் பாதுகாப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

எடையைப் பற்றி ஒரே வரி: 200 கிராம் குறைந்த ஃபிரேமுக்காக அளவிலோ டயர் இடத்திலோ விட்டுக்கொடுக்காதீர்கள். அதிர்வும் அப்படித்தான். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கிடைக்கும் சுகத்தை ஃபிரேமின் உலோகமோ கார்பனோ மட்டும் கொடுத்துவிடாது.

அப்புறம், மெக்கானிக்காக ஒரு வேண்டுகோள். பிரேக் குழாய்கள் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) வழியாக உள்ளே போகிற ஃபிரேம்கள் பார்க்க அழகுதான். மேல் பேரிங்கை மாற்றவே பல சமயம் குழாயைக் கழற்றி பிரேக்கை ப்ளீட் செய்ய (திரவத்தில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டிவரும். புழுதியிலும் தண்ணீரிலும் ஓடும் சைக்கிளில் அந்த பேரிங் சீக்கிரமே கெடும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் திருகு மரை உள்ள பாட்டம் பிராக்கெட்டையே எடுங்கள். அழுத்திப் பொருத்தும் வகையில் கிரீச் சத்தம் தேடி என் பாதி மதியம் போகிறது. சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பொது டெரெய்லர் ஹேங்கரை, அதாவது டெரெய்லரை ஃபிரேமோடு பிணைக்கும் துண்டை, பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. உங்கள் ஃபிரேம் அதை ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்காது என்றால், ஃபிரேம் வாங்கும்போதே அதற்கான ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.