ஓட்டக்காரருக்கும் மலையில் மூச்சு முட்டும்: பூக்களின் பள்ளத்தாக்குக்குப் புறப்படுவோருக்கு ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

இந்தப் பருவத்தில் இவர் மூன்றாவது நபர். வயது 36. மூன்று முறை முழு மாரத்தான் ஓடியவர். புகை, மது எதுவும் இல்லை. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனவர், நுரையீரலில் நீர் கோத்து, அங்குள்ள மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்துவிட்டு, எக்ஸ்ரே படத்தோடு என் முன்னே வந்து உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, மற்ற இருவரும் கேட்ட அதே கேள்விதான்: “நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேனே டாக்டர், எனக்கு எப்படி வந்தது?”

அவருடைய பயணத் திட்டத்தைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து விமானத்தில் டேராடூன்; அன்றிரவு ரிஷிகேஷ். சனிக்கிழமை விடியும் முன்பே காரில் ஏறி, நிலச்சரிவில் சாலை அடைபடாத அதிர்ஷ்டத்தால் மாலைக்குள் கோவிந்த்காட். ஞாயிறு காலை அங்கிருந்து ஹெலிகாப்டரில் சில நிமிடங்களில், பள்ளத்தாக்குக்குப் போவோர் தங்கும் சிற்றூரான காங்கரியா. கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடல், இரண்டே நாளில் 3,050 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடப்பட்டது. அன்று மாலையே தலைவலி. சாப்பிடாததால் வந்தது என்று நினைத்துப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டார். இரவில் வறட்டு இருமல். மறுநாள் காலை, தலைவலியோடேயே, சுமார் 4,300 மீட்டர் உயரத்திலுள்ள சீக்கியர் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிபுக்கு ஏறினார். ஏனென்றால் திட்டத்தில் அதற்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. இறங்கி வந்த இரவு அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தார். உடன் வந்தவர்கள் சளி என்று எண்ணி இருமல் மருந்து கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் சுமைதூக்கிகள் அவரைக் கூடையில் வைத்து முதுகில் சுமந்து, கார் சாலை முடியும் ஊரான புல்னாவுக்கு இறக்கினார்கள். பாதி வழி இறங்கியபோதே மூச்சு சற்று இலகுவானதாக அவரே சொன்னார்.

உடல் வலு வேறு, உயரத்துக்குப் பழகுதல் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் மக்கள் மனத்தில் பதிவதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஓட்டப் பயிற்சி உங்கள் இதயத்தையும் தசைகளையும் பலப்படுத்துகிறது. ஏற்றத்தில் கால் வலிக்காமல் நடக்க அது உதவும், இறக்கத்தில் முழங்காலைக் காக்கும். ஆனால் 3,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். ஹேம்குண்டில் 60 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் குறைவுக்கு ஈடுகொடுக்க மூச்சின் வேகம், இரத்தத்தின் கார அமிலச் சமநிலை, சிறுநீரகத்தின் வேலை எல்லாம் மாற வேண்டும். இந்த மாற்றம் அந்த உயரத்தில் தங்கியிருக்கும்போதுதான் நடக்கும். அதற்கு நாட்கள் ஆகும். மெரினாவில் எத்தனை ஆண்டு ஓடினாலும் இது நடக்காது. உயர்மலை நோய் யாருக்கு வரும் என்பதை உடல் தகுதியைப் பார்த்துக் கணிக்க முடியாது. முன்பு ஒருமுறை வந்திருக்கிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறீர்கள், எந்த உயரத்தில் உறங்குகிறீர்கள் என்பவையே முக்கியம்.

நான் பார்த்த வரையில் வலுவுள்ளவர்களுக்கே ஆபத்து கூடுதல். அவர்கள் மற்றவர்களைவிட வேகமாக ஏறிவிடுகிறார்கள். தலைவலியைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். குழுவில் எல்லோரும் அவரை நம்பியிருப்பதால் அவரை யாரும் கவனிப்பதும் இல்லை. இதற்கு நேர்மாறான இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. நடந்து களைத்தால்தான் இந்த நோய் வரும், கோவேறு கழுதையிலோ ஹெலிகாப்டரிலோ போனால் வராது என்று பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் நம்புகிறார்கள். நோய்க்குக் காரணம் உயரம். அந்த உயரத்துக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று உங்கள் நுரையீரல் கேட்பதில்லை. அதிலும் ஹெலிகாப்டர், நடைவழி தரும் சில மணி நேரப் பழக்கத்தையும் பறித்துவிடுகிறது.

எனவே திட்டத்தை விமானச் சீட்டிலிருந்து தொடங்காதீர்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரமுள்ள அந்த ஊரில் ஓர் இரவாவது, இயன்றால் இரண்டு இரவு தங்குங்கள். புல்னாவிலிருந்து காங்கரியாவுக்குள்ள சுமார் 10 கிலோமீட்டரை மெதுவாக நடந்து ஏறுங்கள். காங்கரியாவில் முதல் நாளன்று எங்கும் ஏறாதீர்கள். மறுநாள் பூக்களின் பள்ளத்தாக்கு. அது காங்கரியாவைவிடச் சில நூறு மீட்டர்தான் உயரம். உடல் தெளிவாக இருந்தால் மட்டும் அதற்கடுத்த நாள் ஹேம்குண்ட். இந்த வரிசையை மாற்றி, முதலில் ஹேம்குண்ட் என்று போடும் பயண ஏற்பாட்டாளரிடம் காரணம் கேளுங்கள். பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் முடிய திறந்திருக்கும்; பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, அதாவது கொட்டும் மழையில். அந்த மழையில், ஜோஷிமட் வழியாகச் செல்லும் பத்ரிநாத் சாலை ஒரு நாள் முழுவதும் அடைபடுவது வழக்கம். இரண்டு நாளாவது உபரியாக வைக்காதவர்கள் பிறகு ஓய்வு நாளைத்தான் வெட்டுகிறார்கள்.

தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை உயர்மலை நோய் என்றே கொள்ளுங்கள். மேலே ஏறாதீர்கள். ஒரு நாளில் தெளியாவிட்டால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, படுத்தால் இருமல் கூடினாலோ இரவானாலும் காத்திருக்க வேண்டாம். பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார் என்று தோன்றினால், தங்கும் விடுதியின் தரையிலுள்ள பலகைக் கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து, அடி மேல் அடியாகப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். கோட்டைவிட்டு விலகினால் அது களைப்பு அன்று, மூளை வீக்கத்தின் அறிகுறி. அவரைத் தனியே விடாதீர்கள். ஒருவர் துணையோடு உடனே கீழே கொண்டு செல்லுங்கள்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்வது மூக்குக்கு மணம் தரும், இரத்தத்துக்கு ஆக்சிஜன் தராது. கடையில் விற்கும் ஆக்சிஜன் டின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் அதிலுள்ள ஆபத்து. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம். அசிட்டசோலமைடு பயன் தரும் மருந்துதான். ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் இருவேளை என்பது வழக்கமான தடுப்பு அளவு. ஆனால் சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து விழுங்கக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டவரும் மெதுவாகத்தான் ஏற வேண்டும். இதய நோய், கடுமையான இரத்தசோகை, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து சீட்டு எடுப்பதற்கு முன்பே வந்து பாருங்கள். புறப்படுவதற்கு முந்தைய மாலை வந்து சான்றிதழில் கையெழுத்து மட்டும் கேட்டால் நான் போடுவதில்லை.

நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்காதீர்கள்; ஒரு மாற்றுடையை பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகுப்பையில் வையுங்கள். பாதையை விட்டுச் சரிவில் இறங்காதீர்கள். 1939இல் தாவரவியலாளர் ஜோன் மார்கரெட் லெக் அங்கே செடிகளைச் சேகரிக்கும்போது வழுக்கி விழுந்துதான் இறந்தார். அவருடைய கல்லறை அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. பூவைப் பறிக்கவோ, இலையைக் கசக்கவோ, மூலிகை என்று வாயில் போடவோ வேண்டாம். நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடாத வச்சநாபியின் இனத்துச் செடிகளும் அங்கே விளைகின்றன. அவற்றின் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

மாரத்தான் ஓடும் அந்த நண்பர் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். அடுத்த ஆண்டு மனைவியோடு போக வேண்டுமாம். நுரையீரலில் ஒருமுறை நீர் கோத்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம் என்பதையும், போகும்முன் அதற்கென்று தனி மருந்து தேவைப்படலாம் என்பதையும் சொன்னேன். அவர் நீட்டிய திட்டத் தாளில் ஹெலிகாப்டர் என்ற வரியையும் ஹேம்குண்ட் என்ற வரியையும் அடித்துவிட்டு, ஜோஷிமட்டுக்கு நேரே இரண்டு இரவு என்று எழுதிக் கொடுத்தேன். சற்று நேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் இன்னும் மூன்று நாள் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும் என்றார். கேளுங்கள் என்றேன்.