லாஜிஸ்டிக்ஸ்: தளவாடமா, ஏற்பாட்டியலா?

இந்தியாவும் அமெரிக்காவும் 2016 ஆகஸ்டில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டின் போர்க்கப்பலோ படைவிமானமோ மற்ற நாட்டின் தளத்தில் எரிபொருள், உணவு, பழுதுநீக்கம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய செலவை ஈடுசெய்ய அது வழிவகுத்தது. பெயரிலேயே லாஜிஸ்டிக்ஸ் என்ற சொல்லைக் கொண்ட அதனைத் ‘தளவாட ஒப்பந்தம்’ என்று எழுதினால், ஆயுதம் வாங்கும் ஒப்பந்தம் என்றே தமிழ் வாசகர் பொருள்கொள்வார். தளவாடம் என்பது பொருளின் பெயர். லாஜிஸ்டிக்ஸ் என்பதோ, அப்பொருளும் அதைக் கையாளும் வீரரும் வேண்டிய இடத்தில், வேண்டிய நாளில், வேண்டிய அளவில் இருக்கும்படி முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்யும் பணியின் பெயர்.

கணக்கிடுவதில் வல்லமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று இதன் ஒலியை ஒத்திருக்கிறது. ஆயினும், நெப்போலியனின் படையிலும் பின்னர் ரஷ்யப் படையிலும் பணியாற்றிய, சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜோமினி, 1838-இல் வெளியிட்ட போர்க்கலை நூலில், தங்குமிடம் என்று பொருள்படும் ‘லோஜி’ என்ற பிரெஞ்சுச் சொல்லோடு இதை இணைத்தார். படைக்குப் பாளையம் அமைத்து, அது செல்லும் வழியையும் வகுத்துத் தந்த அதிகாரியின் பதவிப்பெயரில் அச்சொல் இடம்பெற்றிருந்தது. பாடிவீடு, பாசறை, கட்டூர் என்று படை தங்குமிடத்துக்கே பல பெயர்களை வைத்திருந்த நம் மொழிக்கு இந்தச் சொற்பிறப்பு அந்நியமாகத் தோன்றாது.

நாட்டின் போர் உத்தியை வகுக்கும்போது இக்கணக்கு எந்த அளவுக்கு முடிவுகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு லடாக்கைக் காட்டலாம். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலையில் உள்ள சோஜி லா கணவாய் குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும் என்பதால், அங்குள்ள படைக்கு வேண்டிய உணவு, மண்ணெண்ணெய், குளிராடை, வெடிபொருள் ஆகியவற்றைக் கோடையிலேயே கொண்டுசேர்த்து இருப்பு வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது; ஆகவே, குளிர்காலத்தில் எல்லையில் எத்தனை வீரரை நிறுத்தலாம் என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி கோடையின் சேமிப்பிலேயே அடங்கியிருக்கிறது. 1999-இல் கார்கிலில் ஊடுருவியோர் பிடித்த முகடுகள் இதே சாலையைப் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாக்க வல்லவையாக இருந்ததே அன்றைய பேராபத்து. மணாலியிலிருந்து லே செல்லும் மற்றொரு வழியில் 2020-இல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையையும், வெறும் சாலைப்பணியாகக் கருதாமல், போர் உத்தியின் பகுதியாகவே காண வேண்டும்.

அரணுக்கு இலக்கணம் கூறும் திருவள்ளுவர், ‘கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த் தாகி’ என்று, பகைவரால் கைப்பற்ற முடியாமையை அடுத்து, உள்ளே உணவு சேமித்திருப்பதை வைத்தார். கருத்து நம்மிடம் பழையது. துறைக்கான பெயர்தான் புதிதாக வேண்டியிருக்கிறது. ‘வழங்கல்’ நல்ல சொல்லே எனினும், கொண்டுசேர்ப்பதை மட்டுமே குறிக்கிறது. தங்குமிடம், பழுதுநீக்கம், காயமுற்றோரை அகற்றுதல் ஆகியவை அதற்குள் அடங்குவதில்லை. அதனால், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ‘ஏற்பாட்டியல்’ என்பதையே ஏற்று, துறை முழுவதையும் ‘படை ஏற்பாட்டியல்’ என்றும், அதன் ஒரு கூறை ‘வழங்கல்’ என்றும், கருவிகளை மட்டும் ‘தளவாடம்’ என்றும் பிரித்து வழங்குவது பொருத்தம் என்று கருதுகிறேன். அவ்வாறு கொண்டால், 2016-இன் உடன்பாட்டைப் ‘படை ஏற்பாட்டு ஒப்பந்தம்’ என்று எழுதலாம்.