விஸ்கோஸ்: பாகிழை

விஸ்கோஸ் இன்று துணியின் பெயர். முதலில் அது ஒரு பாகின் பெயராக இருந்தது. லத்தீனில் 'விஸ்கம்' என்றால் புல்லுருவி. அதன் பழத்திலிருந்து எடுத்துப் பறவை பிடிக்கப் பூசிய பிசினுக்கும் அதே பெயர்தான். 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவர் காப்புரிமை பெற்ற, செல்லுலோஸ் எனும் தாவர நார்ப்பொருளின் கரைசல், தேன்போல ஒட்டிக்கொண்டு வழிந்ததால் விஸ்கோஸ் ஆயிற்று. 'ரேயான்' என்பது இதே இழைக்கு 1924-இல் அமெரிக்க வணிகர்கள் சூட்டிய பெயர். பளபளப்பைச் சொல்லுமே தவிர, செய்முறையைச் சொல்லாது.

தமிழில் 'செயற்கைப் பட்டு' என்கிறோம். இது தவறான பெயர். பட்டு புரதம், இது செல்லுலோஸ். 'செயற்கை' என்றதும் பாலியெஸ்டர் நினைவுக்கு வருகிறது, ஆனால் பெட்ரோலியத்துக்கும் இந்த இழையின் மூலப்பொருளுக்கும் தொடர்பில்லை. திரவம் கெட்டியாக வழியும் தன்மையை, அதாவது விஸ்காசிட்டியை, ஏற்கெனவே 'பாகுநிலை' என்று எழுதுகிறோம். அப்படியானால் பாகு + இழை, பாகிழை. மூலச்சொல்லின் பொருளும் கெடவில்லை, புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது.

இந்தப் பெயரை வலியுறுத்த இன்னொரு காரணம் உண்டு. இழையின் நன்மை தீமை முடிவாவது பாகில்தான். மரக்கூழை ஏறத்தாழ 18 விழுக்காடு எரிசோடா (காஸ்டிக் சோடா) கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, துருவி, முதிரவிடுகிறார்கள். பிறகு செல்லுலோஸ் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கார்பன் டைசல்பைடு சேர்த்து, நீர்த்த எரிசோடாவில் கரைத்தால் பாகு கிடைக்கும். அதை மீண்டும் முதிரவிட வேண்டும். அளவு மீறினால் கட்டிதட்டி நூற்புத் துளைகளை அடைக்கும். வடிகட்டிய பாகு, துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பாய்ந்து இழையாக உறைகிறது. சேர்த்த கார்பன் டைசல்பைடில் பெரும்பகுதி அங்கேதான் வெளியேறுகிறது. அதன் கொதிநிலை 46 டிகிரி செல்சியஸ்தான், எளிதில் ஆவியாகி மூச்சில் கலக்கும். நீண்ட நாள் சுவாசித்தால் நரம்புகள் கெடும். மூடிய அமைப்பில் உறிஞ்சி மீட்கும் ஆலைக்கும் காற்றில் விடும் ஆலைக்கும் உள்ள வேறுபாடு துணியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. 'மரத்திலிருந்து வந்தது' என்ற ஒரு வரியை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

'மூங்கில் துணி'யும் பெரும்பாலும் பாகிழையே. புல்லோ மரமோ, பாகாகிவிட்டால் செல்லுலோஸ் ஒன்றுதான். பாகிழை நனைந்தால் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும், ஆகவே முறுக்கிப் பிழியக் கூடாது.

லயோசெல் என்ற செல்லுலோஸ் இழைக்கு வேறு வழி. அங்கே கூழை என்எம்எம்ஓ என்ற கரைப்பான் நேரடியாகக் கரைக்கிறது, கார்பன் டைசல்பைடு வேண்டியதில்லை. கரைப்பானில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். மீட்கும்போது நீரை ஆவியாக்க நிறைய ஆற்றல் செலவாகும். இதைக் 'கரைப்பிழை' என்றால் 'பிழை' என்று காதில் விழுகிறது. நல்ல சொல் அமையும்வரை லயோசெல் என்றே எழுதலாம்.